முதல் வெளிநாட்டுப் பயணம்: இலங்கை, மலேசியா, தாய்லாந்து, சிங்கப்பூர் – யாருக்கு எந்த வாசல்?

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் முதல்முறையாக வெளிநாடு கிளம்ப நினைத்தால், பேச்சு பெரும்பாலும் இந்த நான்கு நாடுகளைச் சுற்றித்தான் வரும். சென்னையிலிருந்து நான்குக்கும் நேரடி விமானம் உண்டு. திருச்சிக்காரர்கள் கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் மூன்றுக்கும் சென்னை வராமலே போகலாம். தாய்லாந்தைத் தவிர மற்ற மூன்றிலும் தமிழ் காதில் விழும், இட்லியும் கிடைக்கும்.

டிக்கெட் விலை, ஹோட்டல், சாப்பாடு, வெயில், மழை எல்லாவற்றையும் அலசிப் பார்க்கிறோம். நுழைவு விதியை மட்டும் "விசா வேணுமா, வேண்டாமா" என்ற ஒரே கேள்வியோடு முடித்துவிடுகிறோம். வேண்டாம் என்றால் சுலபம், வேண்டும் என்றால் தலைவலி. பயண ஏஜென்ட்டுகளின் விளம்பரமும் இப்படித்தான் பேசுகிறது. எனக்கு இந்தக் கணக்கில் உடன்பாடு இல்லை. எந்த நாடும் வருகிறவர் யார், எதற்கு வருகிறார், திரும்பிப் போவாரா என்று பார்க்காமல் உள்ளே விடுவதில்லை. சில நாடுகள் அதை நீங்கள் சென்னையில் இருக்கும்போதே பார்த்து முடிக்கின்றன. சில நாடுகள் நீங்கள் பணமெல்லாம் கட்டி, பெட்டியோடு போய் இறங்கிய பிறகு கவுண்டரில் பார்க்கின்றன. விசாரணை எங்கே நடக்கிறது என்பதை வைத்து ஒப்பிட்டால், யாருக்கு எந்த நாடு பொருந்தும் என்பது வேறு மாதிரி தெரியும்.

சிங்கப்பூரிலிருந்து தொடங்குகிறேன். நான்கில் முழு விசா கேட்கும் நாடு அது ஒன்றுதான்.

சிங்கப்பூர்: கேள்வியெல்லாம் ஊரிலேயே

சிங்கப்பூர் விசாவுக்கு நாம் நேரே தூதரகத்தில் போய் நிற்பதில்லை. பெரும்பாலும் அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் வழியாகத்தான் விண்ணப்பம் போகும். 14ஏ என்ற படிவம், பாஸ்போர்ட் நகல், புகைப்படம், போக வர டிக்கெட் விவரம், தங்குமிடம் ஆகியவை அடிப்படை. வேலை செய்கிறவரிடம் அலுவலகக் கடிதமும், எல்லோரிடமும் வங்கிக் கணக்கு விவரமும் ஏஜென்ட் கேட்டு வாங்கிவைப்பார். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். விசா கிடைக்காவிட்டாலும் அது திரும்பி வராது. அதற்கு மேல் ஏஜென்ட் தன் கூலியைச் சேர்த்துக்கொள்வார். அது ஆளுக்கு ஆள் மாறும், இரண்டு மூன்று இடங்களில் விசாரித்துக்கொள்வது நல்லது.

பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு, கொடுத்த நாளைக் கணக்கில் சேர்க்காமல், மூன்று வேலை நாட்களில் முடிவு வந்துவிடுகிறது. சிலருக்கு இழுக்கும். சனி, ஞாயிறு, சிங்கப்பூர் விடுமுறை எல்லாம் நடுவில் வரும் என்பதால் பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வேலையைத் தொடங்குவது நிம்மதி. புகைப்படத்தில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். 35க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, மூன்று மாதத்துக்குள் எடுத்தது. இதைத் தாளில் எழுதி ஸ்டுடியோவில் கொடுத்துவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் நீலப் பின்னணியில் வந்து சேரும்.

மறுத்தால் பெரும்பாலும் காரணம் சொல்ல மாட்டார்கள். மனசுக்குக் கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மறுப்பு உங்களுக்கு எங்கே வந்து சேர்கிறது என்று பாருங்கள்: வீட்டு வரவேற்பறையில். இழப்பு 30 டாலரும் ஏஜென்ட் கூலியும். விமான டிக்கெட்டை இன்னும் எடுக்காமல் முன்பதிவு விவரத்தோடு மட்டும் விண்ணப்பித்திருந்தால் கைப்பணம் அதிகம் போகாது. இதுவே வேறொரு நாட்டு விமான நிலையத்தில் நடந்தால் என்ன ஆகும் என்பதை மலேசியாவைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

விசா கையில் இருந்தாலும் சாங்கி விமான நிலைய அதிகாரிக்கு உங்களைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் உண்டு. எத்தனை நாள் தங்கலாம் என்பதையும் அவர்தான் தீர்மானிக்கிறார். விசா பல மாதங்களுக்குச் செல்லும் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து அத்தனை நாளும் தங்கலாம் என்று நினைப்பது பெரிய பிழை. விசா என்பது அந்த நாட்டுக்குப் போய்ச் சேரும் அனுமதி மட்டும். தங்கும் அனுமதி வேறு. அங்கே இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. தங்கும் கடைசி நாள் மின்னஞ்சலில் வருகிறது. அந்த மின்னஞ்சலை அன்றிரவே திறந்து தேதியைப் பார்த்துவிடுங்கள். பெற்றோருக்கு மின்னஞ்சல் இல்லையென்றால் உங்கள் முகவரியைக் கொடுத்துவையுங்கள்.

விசாவோடு கூடவே வருகை அட்டை ஒன்றும் இணையத்தில் நிரப்ப வேண்டும். போய் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள். இலவசம்.

அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான், ஜெர்மனி போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. மூன்றாவது நாட்டுக்குப் போகும் வழியிலோ வரும் வழியிலோ, 96 மணி நேரத்துக்குள் கிளம்பும் உறுதியான டிக்கெட் இருந்தால், விசா எடுக்காமலே சிங்கப்பூரில் இறங்கிச் சுற்றலாம். மகளைப் பார்க்க அமெரிக்கா போய்த் திரும்பும் பெற்றோர் பலருக்கு இது தெரிவதே இல்லை. நிபந்தனைகளை விமான நிறுவனத்திடமும் கேட்டு உறுதி செய்துகொண்டு பயன்படுத்துங்கள்.

பெட்டியில் என்ன இருக்கிறது என்பதும் நுழைவு விதிதான். நம் சமையலறையில் சாதாரணமாக இருக்கும் கசகசாவைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோகக் கூடாது. அது அபினிச் செடியின் விதை, அதில் அபினியின் கூறுகள் இருக்கலாம் என்பதால் தடை. குருமா மசாலாவை வீட்டிலேயே அரைத்துக் கொண்டுபோகும் அம்மாக்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவர் சீட்டோடு, முன் அனுமதி தேவையா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மலேசியாவும் தாய்லாந்தும்: கவுண்டரில்தான் தேர்வு

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம். முதலில் ஓராண்டுக்குத்தான் அறிவித்தார்கள், பிறகு 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு பயணம் வைக்க நினைப்பவர்கள், டிக்கெட் எடுக்கும் முன் நீட்டிப்பு வந்திருக்கிறதா என்று மலேசியத் தூதரகத்தின் பக்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் மின்னணு வருகை அட்டை கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பினால் போதும், கட்டணம் இல்லை.

தாய்லாந்தில் ஒரு காலத்தில் நம்மவர்கள் பாங்காக் விமான நிலையத்தில் 2,000 பாட் கட்டி, நீண்ட வரிசையில் நின்று, 15 நாள் விசா வாங்கினார்கள். 2023 நவம்பரில் அந்தக் கட்டணமும் வரிசையும் போயின, 30 நாள் இலவச நுழைவு வந்தது. 2024 ஜூலை 15-இல் அதை 60 நாளாக்கினார்கள். நாட்களைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு 2025-லிருந்தே அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் நான் யாருக்கும் 60 நாளை நம்பித் திட்டம் போடச் சொல்ல மாட்டேன். ஒரு வாரச் சுற்றுலாவானாலும் டிக்கெட் எடுக்கும் முன் அன்றைய விதியைத் தாய்லாந்துத் தூதரகத்தின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 மே 1 முதல் இங்கேயும் மின்னணு வருகை அட்டை, அதே மூன்று நாள் கணக்கு, அதே இலவசம். கூடுதலாகத் தங்கிவிட்டால் ஒரு நாளைக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட் அபராதம்.

இந்த இரண்டு நாடுகளிலும் ஊரில் இருக்கும்வரை யாரும் எதுவும் கேட்பதில்லை. வருகை அட்டை என்பது விவரப் பதிவு, அனுமதி அல்ல. அதைச் சமர்ப்பித்ததும் வரும் கியூஆர் கோடைப் பார்த்து "விசா வந்துடுச்சு" என்று சொல்கிறவர்களைக் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். உண்மையான விசாரணை கோலாலம்பூரிலோ பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்திலோ கண்ணாடிக் கூண்டுக்குப் பின்னால் இருக்கும் அதிகாரியிடம்தான் நடக்கிறது. திரும்பும் டிக்கெட் இருக்கிறதா? எங்கே தங்குகிறாய்? கையில் பணம் எவ்வளவு? யாரோடு வந்தாய்? இவற்றுக்குத் தடுமாறாமல் பதில் வந்தால் அரை நிமிடத்தில் முத்திரை. தடுமாறினால் தனி அறை. அங்கேயும் சரிப்படவில்லை என்றால், அடுத்த விமானத்தில் திருப்பி ஏற்றும்வரை விமான நிலையத்திலேயே உட்கார வேண்டியதுதான். டிக்கெட், ஹோட்டல், லீவு எல்லாம் போகும். உடன் வந்த குழந்தைகளின் முகம் வேறு. கோலாலம்பூரில் தெற்காசியப் பயணிகள் கும்பலாகத் திருப்பி அனுப்பப்பட்ட செய்திகள் 2025-இல் பலமுறை வந்தன. சுற்றுலா என்று சொல்லிவிட்டு ஹோட்டல் முன்பதிவும் செலவுக்குப் பணமும் காட்ட முடியாமல் போனதே அவற்றில் அதிகாரிகள் சொன்ன காரணம்.

உண்மையான சுற்றுலாப் பயணிக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை, தயாராகப் போனால் போதும். எல்லா இரவுகளுக்கும் தங்குமிட முன்பதிவைத் தாளில் அச்சிட்டு வைத்திருங்கள். மொபைலில் இருக்கிறது என்று சொல்லி, ரோமிங் வேலை செய்யாமல் கவுண்டரில் நின்று விழிப்பதை எத்தனையோ பேரிடம் பார்க்கலாம். இலவசமாக ரத்து செய்யும் ஹோட்டலைப் போட்டு, விமானம் ஏறும் முன்பே ரத்து செய்துவிடும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். அதிகாரி ஹோட்டலுக்குப் போன் போட்டால் கதை முடிந்தது. கிள்ளானிலோ ஈப்போவிலோ பினாங்கிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்குவதானால் அவருடைய முழு முகவரி, போன் எண், அவர் எழுதிய அழைப்புக் கடிதம் மூன்றும் கையில் இருக்கட்டும். சொந்தக்காரரிடமும் அன்றைக்குப் போனை எடுக்கச் சொல்லிவையுங்கள். கொஞ்சம் ரொக்கம், கொஞ்சம் வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு என்று பிரித்து எடுத்துப் போவது நல்லது.

தாய்லாந்து விஷயத்தில் இன்னொரு வாசலும் இருக்கிறது, அது இந்திய விமான நிலையத்திலேயே. தாய்லாந்தில் வேலை என்று ஆசைகாட்டி, அங்கிருந்து எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிப் பக்கம் கொண்டுபோய் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைக்கும் கும்பல்கள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. தமிழ்நாட்டு இளைஞர்களும் சிக்கினார்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்கள் தாய்லாந்தின் மே சோட் நகரத்திலிருந்து 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை மீட்டு வந்தன. அதன் பிறகு தனியாக, முதல்முறையாகப் பாங்காக் போகும் இளைஞரை நம் குடியேற்ற அதிகாரிகளே நிறுத்திக் கேள்வி கேட்பது இயல்பாகிவிட்டது. அந்தக் கேள்விகளைத் தொல்லையாக நினைக்க வேண்டாம். "டூரிஸ்ட்டா போ, அங்க போய் விசா மாத்திக்கலாம்" என்று யாராவது உங்கள் வீட்டுப் பையனிடம் சொன்னால், அந்தப் பயணத்தை அங்கேயே நிறுத்துங்கள். சுற்றுலா நுழைவில் வேலை பார்ப்பது இந்த நான்கு நாடுகளிலும் குற்றம்.

இலங்கை: நடுவழி

இலங்கைக்கு இடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி வேண்டும். வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். பெயர், பாஸ்போர்ட் எண், பயண நாள் போன்ற சில கேள்விகள், பிறகு மின்னஞ்சலில் ஒப்புதல். 30 நாள், இருமுறை நுழைவு. வங்கிக் கணக்கோ அலுவலகக் கடிதமோ அனுப்ப வேண்டியதில்லை. ஏஜென்ட்டும் தேவையில்லை. ஒப்புதல் கையில் இருப்பதால் கொழும்பில் இறங்கும்போது மலேசியாவில் இருக்கும் அந்த நடுக்கம் இருக்காது. சிங்கப்பூரின் முன்கூட்டிய நிம்மதியும் மலேசியாவின் சுலபமும் ஓரளவு சேர்ந்து கிடைப்பது இங்கேதான்.

கட்டண விஷயத்தில்தான் இலங்கை அடிக்கடி ஆட்டம் காட்டியிருக்கிறது. 2023 நவம்பரில் இந்தியா உட்பட ஏழு நாட்டவருக்குக் கட்டணத்தை நீக்கினார்கள். 2024 ஏப்ரலில் விசா வேலை முழுவதையும் வெளிநாட்டு நிறுவனக் கூட்டு ஒன்றிடம் கொடுத்தார்கள். சேவைக் கட்டணத்தைக் கண்டு கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பயணிகள் கொதித்தார்கள், வழக்கு போனது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைக்க, பழைய இடிஏ முறையே திரும்பியது. கட்டணச் சலுகைகளும் அவ்வப்போது அறிவிக்கப்பட்டும் நீட்டிக்கப்பட்டும் வருகின்றன. ஆகவே அண்டை வீட்டுக்காரர் போன வருடம் போனதை வைத்து முடிவு செய்யாமல், விண்ணப்பிக்கும் நாளில் அரசுத் தளம் இந்தியர்களுக்கு என்ன காட்டுகிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கைக்கு மட்டும் உள்ள இன்னொரு வசதி கடல்வழி. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் பக்கத்துக் காங்கேசன்துறைக்குக் கப்பல் சேவை 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். பாஸ்போர்ட்டும் இலங்கை அனுமதியும் விமானத்துக்கு வேண்டியதைப் போலவே இதற்கும் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சேவையை நிறுத்திவைப்பார்கள் என்பதால் கார்த்திகை, மார்கழியில் இதை நம்பாதீர்கள். விமானத்தில் ஏறப் பயப்படும் பெரியவர்களை நல்லூருக்கும் திருக்கோணேஸ்வரத்துக்கும் அழைத்துப் போக நினைப்பவர்களுக்கு இது பெரிய வரம். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்குச் சிறிய விமானங்களும் தொடங்கப்பட்டிருக்கின்றன. வடக்கை மட்டும் பார்க்கப் போகிறவர் கொழும்பைச் சுற்ற வேண்டியதில்லை.

நாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் பாஸ்போர்ட்டைப் புரட்டுங்கள்

யாரும் பேசாத, ஆனால் முடிவையே மாற்றிவிடும் விஷயம் ஒன்று இருக்கிறது. அப்பா, அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்ற குறிப்பு அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்கு, 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, இந்தக் குறிப்போடு பாஸ்போர்ட் வழங்கப்படுகிறது. வெளிநாட்டு வேலைக்குப் போகும் எளிய மனிதர்களை ஏமாற்றிலிருந்து காப்பதற்காக வந்த ஏற்பாடு. இந்தக் குறிப்பு உள்ளவர் வேலைக்குப் போக முன்அனுமதி வாங்க வேண்டிய நாடுகளின் பட்டியலில் வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகள் உண்டு. மலேசியாவும் தாய்லாந்தும் அதில் இருக்கின்றன. இலங்கையும் சிங்கப்பூரும் இல்லை.

சுற்றுலாவுக்குப் போகும் ஈசிஆர் பாஸ்போர்ட்காரருக்கு அனுமதி எதுவும் வாங்கத் தேவையில்லை. ஆனாலும் சென்னையிலும் திருச்சியிலும் குடியேற்ற அதிகாரி அவரைக் கூடுதலாக விசாரிப்பார். திரும்பும் டிக்கெட், தங்குமிடம், யாரோடு போகிறார் என்பதெல்லாம் காட்ட வேண்டும். பிள்ளைகளோடு சேர்ந்து போகும் அறுபது வயது அம்மாவுக்கு இதில் சிக்கல் வருவது அரிது. தனியாகவோ நண்பர்களோடோ மலேசியா கிளம்பும் முப்பது வயது ஈசிஆர் ஆளுக்குச் சிக்கல் வர வாய்ப்பு அதிகம். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது அந்தக் குறிப்பை நீக்கக் கேட்கலாம், படிப்புச் சான்று இல்லாவிட்டாலும் வயது போதும். புதுப்பிக்கும் காலம் நெருங்கியிருந்தால் முதலில் அதை முடித்துவிட்டு அப்புறம் மலேசியா, தாய்லாந்து பற்றி யோசிக்கலாம்.

அடுத்தது பெயர். நம்மில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டவர்கள் சிலர், அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் சிலர். காலியாக விட்டவர்களுக்குத்தான் தொந்தரவு. விமான நிறுவனத்தின் தளம் கடைசிப் பெயர் இல்லாமல் நகர விடாது. சிலர் இருக்கும் பெயரையே இரண்டு முறை போடச் சொல்வார்கள், சிலர் வேறு எழுத்துகளைப் போடச் சொல்வார்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம் என்பதால் டிக்கெட் எடுக்கும் முன் அவர்களிடமே கேட்டுவிடுங்கள். தாய்லாந்து வருகை அட்டையும் இலங்கை இடிஏவும் குடும்பப் பெயரையும் இட்ட பெயரையும் தனித்தனிக் கட்டத்தில் கேட்கின்றன. எந்தப் படிவமானாலும் உங்கள் பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில் அடியில் அம்புக்குறிகளோடு ஓடும் இரண்டு வரியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் இருக்கும் எந்திரம் படிப்பது அதைத்தான். படிவத்தில் உள்ள பெயர் அதோடு ஒத்துப்போனால் கவலை இல்லை.

துபாய்க்குப் போக நினைப்பவர்களுக்கு இது தொந்தரவோடு நிற்காது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று அறிவித்தது. பிறகு பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்போம் என்று விளக்கம் தந்தது. இந்தக் கட்டுரையில் துபாயை நான் சேர்க்காததற்கு இதுவும் ஒரு காரணம். வியட்நாமையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் இ-விசா, ஒருமுறை நுழைவுக்கு 25 அமெரிக்க டாலர். நல்ல ஏற்பாடு. படிவத்தில் ஓர் எழுத்து பிசகினாலும் மறுபடி கட்டணம் கட்டிப் புதிதாக எடுக்க வேண்டி வரும் என்பதால் முதல் பயணத்துக்கு நான் முன்னால் வைக்க மாட்டேன்.

குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்தாண்டுதான் செல்லும். பெற்றோரின் பத்தாண்டுக் கணக்கிலேயே இருந்துவிட்டு, கிளம்பும் வாரத்தில் பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்கு நான்கு மாதம்தான் மிச்சம் என்று கண்டுபிடிக்கும் குடும்பங்கள் உண்டு. நான்கு நாடுகளுமே ஆறு மாதச் செல்லுபடியை எதிர்பார்க்கின்றன. விமான நிறுவனம் சென்னையிலேயே ஏற்ற மறுத்துவிடும்.

போலித் தளங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூன்று நாடுகளின் வருகை அட்டையும் இலவசம் என்று சொன்னேன். ஆனாலும் தேடுபொறியில் தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் பணம் பிடுங்கும் இடைத்தரகர் தளங்கள். பார்வைக்கு அரசுத் தளத்தைப் போலவே கொடியும் சின்னமும் வைத்திருப்பார்கள். முகவரியின் வால் பகுதியைப் பாருங்கள். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை அரசுத் தளங்களில் நாட்டின் குறிக்கு முன்னால் ஜி, ஓ, வி என்ற மூன்று எழுத்து இருக்கும், தாய்லாந்துக்கு ஜி, ஓ என்ற இரண்டு எழுத்து. வருகை அட்டைக்குக் கார்டு எண் கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

அப்படியானால் யாருக்கு எது?

விமானமே ஏறாத, ஆங்கிலம் வராத பெற்றோரை மட்டும் அனுப்புவதானால் என் தேர்வு இலங்கை, இரண்டாவது யோசனையே இல்லை. அனுமதி முன்பே வந்துவிடுகிறது, கவுண்டரில் கேள்வி குறைவு, ஈசிஆர் பட்டியல் தொல்லை இல்லை.

பிள்ளைகளோடு கணவன் மனைவி, மாதச் சம்பளம், புதுப் பாஸ்போர்ட் என்றால் மலேசியா. விசாச் செலவு இல்லை என்பதால் நான்கு பேருக்குக் கணிசமாக மிஞ்சும், குடும்பமாகப் போகிறவர்களைக் கவுண்டரில் அதிகம் துருவுவதும் இல்லை. வரிசையில் எல்லோரும் சேர்ந்தே நில்லுங்கள், எல்லாப் பாஸ்போர்ட்டையும் ஒருவரே கொடுங்கள். தாய்லாந்தும் இதே குடும்பத்துக்குப் பொருந்தும், சைவச் சாப்பாட்டுக்கு மெனக்கெடத் தயாராக இருந்தால்.

தனியாகப் போகும் இளைஞர், அதிலும் சொந்தத் தொழில், சம்பளச் சீட்டு இல்லை, முதல் பயணம் என்றால் எல்லோரும் தாய்லாந்தைத்தான் சொல்வார்கள். நான் சிங்கப்பூரைச் சொல்வேன். வருமான வரித் தாக்கலும் வங்கிக் கணக்கும் சுத்தமாக இருந்தால், அவருடைய காகிதங்களை நிதானமாகப் பார்த்து முடிவு சொல்லும் நாடு அதுதான். கவுண்டரில் முகத்தைப் பார்த்து அரை நிமிடத்தில் எடைபோடும் இடத்தைவிட இது அவருக்கு நியாயமானது. விசா கிடைத்துப் போய்வந்த பதிவு, அடுத்து ஜப்பானுக்கோ ஐரோப்பாவுக்கோ விண்ணப்பிக்கும்போதும் துணை நிற்கும். செலவு அதிகம் என்பது உண்மை. மூன்று இரவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சிங்கப்பூரையும் மலேசியாவையும் சேர்த்துப் பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் சிங்கப்பூர் விசாவை வாங்குங்கள், அது கைக்கு வந்த பிறகே எந்த டிக்கெட்டையும் எடுங்கள். சிங்கப்பூரில் இறங்கி, உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடி வழியாகப் பேருந்தில் ஜொகூர் பாரு கடந்து, கோலாலம்பூரிலிருந்து ஊர் திரும்புவது நல்ல வரிசை. அப்படிச் செய்தால் மலேசிய எல்லையில் காட்ட வேண்டிய திரும்பும் டிக்கெட் தெளிவாக ஒன்றுதான். மறுபடி சிங்கப்பூர் வந்துதான் விமானம் ஏறுவீர்கள் என்றால், உங்கள் விசாவில் பலமுறை நுழைவு என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை என்று இருந்தால் ஜொகூர் பாலத்தின் மறுமுனையில் நிறுத்திவிடுவார்கள். நாடு மாறும் ஒவ்வொரு தடவையும் அந்தந்த நாட்டு வருகை அட்டை புதிதாக நிரப்ப வேண்டும், இரண்டாம் தடவை சிங்கப்பூருக்குள் வரும்போதும்கூட. பேருந்து ஓட்டுநர் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார், அதனால் முந்தைய இரவே ஹோட்டல் வைஃபையில் நிரப்பிவிட்டுப் படுங்கள்.